மோடத் தொரை

மழை மேகத்தைப் பார்த்துக் கைதட்டியதற்காக ஒரு மீனவக் குப்பமே அடிக்கக் கிளம்பிய ஓவியர் உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் மோடத் தொரை. அமெரிக்காக்காரர். ஆறடியைத் தாண்டிய உயரம், உப்பளம் மாதிரி வெள்ளைத் தாடி, வேகவைத்த இறால் நிறத்தில் மூக்கு. பாஸ்போர்ட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. சொல்லிப் பார்த்தவர்களுக்கெல்லாம் நாக்கு சுளுக்கிக்கொண்டதால் ஊர் அதை முதல் வாரமே கைவிட்டுவிட்டது.

பழவேற்காட்டுப் பக்கம் வானம் கறுத்தால் "மோடம் போட்டுக்குது" என்பார்கள். மோடம் போட்டால் கருவாடு காயாது, போட் கடலுக்குப் போகாது, கட்டின துணி நாறும், குழந்தைக்குச் சளி பிடிக்கும். மோடத்தை ஊரே சபிக்கும். அப்படிப்பட்ட லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒரு மனிதர், ஐப்பசியில் வடகிழக்கே கறுப்பு ஏறும்போதெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து, கல்யாணக் கச்சேரி கேட்டவர் போலக் கைதட்டினால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

நான் அப்போது அங்கே நர்ஸ். தடுப்பூசி போடுவது, பிரஷர் பார்ப்பது, பிரசவத்துக்கு நாள் சொல்வது எல்லாம் அரசாங்கம் கொடுத்த வேலை. தொரைக்கும் ஊருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பது ஊர் கொடுத்த வேலை. இரண்டாவது வேலைக்கு ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது.

அவரை நான் முதலில் பார்த்தது ஷேர் ஆட்டோவில், படுத்த நிலையில். இரண்டு கால்களும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஆட்டோவோடு கூடவே ஓடிவந்தாள் மீன் விற்கும் அஞ்சலை. அவள் வீட்டின் பின்னறையில்தான் அவர் குடி வந்திருந்தார்.

"நர்சம்மா! சீக்கிரம் வா! வெள்ளக்காரனுக்கு வெசம் ஏறிப்போச்சு! நாக்கு நீலமா கீது!"

நாடி பார்த்தேன், நன்றாக ஓடியது. கண் பார்த்தேன், என்னைப் பார்த்துச் சிமிட்டியது. "என்ன கடித்தது?" என்று இங்கிலீஷில் கேட்டேன். "ஒன்றும் கடிக்கவில்லையே" என்றார். பிறகு ஏன் தூக்கிக்கொண்டு வர விட்டீர்கள் என்றால், புதிதாக வந்தவரை இப்படி ஆட்டோவில் படுக்கவைத்து ஊர்வலம் கொண்டுபோவது இந்த ஊர் மரியாதை என்று நினைத்தாராம். கண்ணாடியைக் காட்டி நாக்கை நீட்டச் சொன்னேன். பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பிரஷ்ஷை எடுத்து, நுனி கூராவதற்காக வாயில் வைத்து உறிஞ்சிக் காட்டினார்.

"தூ! பெயின்ட தின்றானா இவன்?" என்றாள் அஞ்சலை.

அன்றிலிருந்து அவள் வீட்டில் ஒரு புதுச் சட்டம் அமலுக்கு வந்தது. சாப்பாட்டுத் தட்டோடு வந்து நிற்பாள். "நாக்க நீட்டு" என்பாள். சிவப்பாக இருந்தால்தான் நெத்திலிக் குழம்பு. நீலமோ பச்சையோ தெரிந்தால் தட்டு திரும்பிப் போய்விடும். அமெரிக்காவில் பெரிய மனிதர்கள் அவரிடம் கைகட்டி நின்று படம் கேட்பார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். இங்கே அவர் தினமும் மதியம் ஒரு மீன்காரி முன்னால் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றார்.

அவர் கதையை எனக்குச் சொன்னது ஒரு கெளுத்தி மீன். அதாவது, கெளுத்தி முள் காலில் ஏறி என்னிடம் கட்டுப் போட வந்தபோது, வலி மறக்கத் தானாகவே பேச ஆரம்பித்தார். பிறந்தது அமெரிக்காவின் நடுவில், கண்ணுக்கெட்டிய வரை கோதுமை வயல். மலை கிடையாது, ஆறு கிடையாது. நிலமும் வானமும் மட்டும்தான். அப்பா விவசாயி. தினமும் சாயங்காலம் வாசலில் நின்று மேகத்தைப் பார்ப்பார். ஆலங்கட்டி மழை வந்தால் அரை மணியில் வருஷத்து விளைச்சலே படுத்துவிடும்.

"அப்பா பயந்துகொண்டே பார்ப்பார். பக்கத்தில் நின்று நானும் பார்ப்பேன். அவருக்குப் பயம் வந்தது. எனக்குப் படம் வந்தது" என்றார்.

ஒரு வருஷம் ஆலங்கட்டி விழுந்தே விட்டது. வயல் பூராவும் படுத்துக் கிடக்கிறது. அம்மா அழுகிறாள். இவர், பள்ளிக்கூடத்துப் பையன், வாசற்படியில் உட்கார்ந்து அந்த மேகத்தையே வரைந்துகொண்டிருக்கிறார். அப்பா வந்து பார்த்தார். திட்டவில்லை, அடிக்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு கடைசிவரை மகனின் படம் ஒன்றைக்கூட அவர் ஏறெடுத்துப் பார்க்கவில்லையாம்.

இவரும் நிறுத்தவில்லை. தானியக் கிடங்குகளின் சுவரில் விளம்பரம் எழுதினார், லாரிக்குப் பெயின்ட் அடித்தார், கிடைத்த நேரமெல்லாம் வானத்தை வரைந்தார். பெயரும் வந்தது. நடுவில் இரண்டு கல்யாணம். இரண்டு பேரும் விலகிப் போகும்போது ஒரே குறையைத்தான் சொன்னார்களாம்: "நான் பேசும்போது நீ ஜன்னலைப் பார்க்கிறாய்." 

"நியாயமான புகார்" என்று தொரை சொன்னார். சொல்லும்போதே என் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழவேற்காட்டு ஏரிக்கு வந்தது தற்செயல். பூநாரை பார்க்க வந்த ஒரு சுற்றுலாக் கூட்டத்தோடு படகில் வந்திருக்கிறார். பறவைகள் மொத்தமாக எழும்பியபோது எல்லோரும் கேமராவை அவற்றின் பின்னால் திருப்பினார்கள். இவர் மட்டும் அவை விட்டுப்போன வெறும் இடத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டார். தண்ணீரும் வானமும் ஒட்டிக்கொண்டு நடுவில் கோடே இல்லை. "எங்கள் வயல்தான், நனைந்த வயல்" என்றார். அதிலிருந்து வருஷா வருஷம் மழைக்காலத்துக்கு வந்துவிடுவார். ஊரே வெயிலுக்குக் காத்திருக்கும் மாதங்களில்தான் அவருக்கு சீசன்.

அஞ்சலைக்கு அவர் தொழில் விளங்கவே இல்லை. "உன் படத்த அங்க இன்னாதான் செய்வாங்க?" என்று கேட்டாள். பெரிய பெரிய ஆபீஸ்களில் மாட்டுவார்கள் என்று நான் சொன்னேன். "ஆபீஸ்ல மோடத்த மாட்டி வெச்சா? எவனாவது கொடைய விரிச்சிக்கினுதான் வேல செய்வான்" என்றாள்.

அவர் வரையும் அழகைப் பார்க்க வேண்டுமே. நேராக ஏரிச் சேற்றில் இறங்கி ஸ்டாண்டை ஊன்றுவார். ஒருநாள் அப்படி நின்றவர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போக ஆரம்பித்தார். கணுக்கால் போயிற்று, முழங்காலும் போயிற்று. அஞ்சலையின் மருமகன் சேகர் பார்த்துவிட்டு இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு ஓடினான். இரண்டு பேரும் ஆளுக்கொரு அக்குளில் கைகொடுத்து இழுத்தார்கள்.

"ஒரு நிமிசம் நைனா, ஒரு நிமிசம்! அந்த மோடம் போவுது!" என்று கத்தினார் தொரை.

கடைசியில் அவர்கள் இழுப்பதை நிறுத்திவிட்டு, மேற்கொண்டு மூழ்காமல் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர் வரைந்து முடித்தார். "பொணத்தத் தூக்குறதுகூட இவ்ளோ கஷ்டம் இல்ல நர்சம்மா, அது கைய ஆட்டாது" என்றான் சேகர்.

அந்த "நைனா"வைக் கவனித்தீர்களா? அவர் தமிழ் கற்றது முழுக்க அஞ்சலையிடம். அதனால் அறுபது வயது அமெரிக்கர் அச்சு அசலாக மீன்காரி மாதிரி பேசினார். ஒருமுறை வெளிநாட்டுக்காரர் யார், எதற்கு வந்திருக்கிறார் என்று விசாரிக்க ஒரு போலீஸ் அதிகாரி வந்தார். விறைப்பான மனிதர். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் தொரை நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டு, "குந்து நைனா, இன்னா வெயிலு, மூஞ்சி இப்டி வாடிக்குது! துன்னுட்டியா?" என்றார். அதிகாரி விசாரிக்க வந்ததை மறந்து சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்று விழுந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அஞ்சலை பெருமையாக நின்றாள்.

ஊர்க்காரர்களுக்கு அவரிடம் ஒரே ஒரு வருத்தம். இத்தனை வருஷமாக வருகிறார், தங்களில் ஒருவரைக்கூட வரைந்ததில்லை. ஒருநாள் அஞ்சலை வற்புறுத்தி, வலை காயும் கம்பத்தில் அவர் படங்களை வரிசையாகக் கட்டவைத்தாள். ஒவ்வொன்றும் ஒரு சுவர் அகலம். ஊரே வந்து பார்த்தது. சாம்பல், அதன் மேல் கருநீலம், அதன் மேல் மறுபடியும் சாம்பல்.

"இன்னா தொரை, ஒண்ணியும் காணோமே! எங்க ஊடு எங்க?" என்று கேட்டாள் அஞ்சலை.

"கீழ கீதுமே. மோடத்துக்குக் கீழ."

"ஆளுங்க எங்க?"

"ஊட்டுக்குள்ள. மழ வரப்போவுதுல்ல?"

சேகருக்குத்தான் தாங்கவில்லை. "அதெல்லாம் போவட்டும். இவ்ளோ ஒசரத்துக்கு லைட்ஹவுஸ் நிக்குது, அதயுமா காணோம்?"

"அது நடுவுல நிக்குது நைனா. மறைக்குது."

"அது அப்பல இருந்து அங்கியேதான் நிக்குது. நீதான் தள்ளி நிக்கணும்!"

கைதட்டல் விவகாரம் நடந்தது இதற்கு அடுத்த வருஷம். காற்று சரியில்லை, ஒரு வாரமாகக் கடலில் போட் இறங்கவில்லை. ஆண்கள் எல்லாம் கரையில் வெறும் கையோடு குந்தியிருந்தார்கள். கொஞ்சம் வெளுக்கிற மாதிரி தெரிந்தது. இறக்கலாமா என்று எழுந்தார்கள். அப்போது பார்த்துக் கிழக்கே மலை போல ஒன்று கிளம்பியது. அந்த அமைதியில் ஒரே ஒரு ஜோடிக் கை பட்பட்டென்று தட்டுகிற சத்தம்.

"டேய் தொரை! எங்க வயித்துல மண்ணு விழுது, நீ கை தட்டுறியா?" என்று ஒரு பெரிய கும்பலே எழுந்து வந்தது. தொரை புரியாமல் சிரித்துக்கொண்டே நின்றார். அஞ்சலை மீன் அரியும் கத்தியோடு நடுவில் வந்து நின்றாள். "எவனாவது அவன் மேல கைய வெச்சீங்க, அப்புறம் இந்தக் கத்தி மீன அரியாது, உங்க கையத்தான் அரியும். அவன் பைத்தியம்னு தெரிஞ்சிதான ஊட்டுல வெச்சிக்கீறேன்!" கும்பல் கலைந்தது. நான் அவரை ஓரமாகக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. அன்று முழுக்க பிரஷ்ஷைத் தொடவில்லை. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். மோடத்தைப் பார்த்தால் கைகள் தானாக எழும்பும்; ஆனால் ஒன்றையொன்று தொடுவதற்கு ஒரு விரற்கடை முன்பே நின்றுவிடும். சத்தமில்லாத கைதட்டல். பார்ப்பவர்களுக்குக் கொசு அடிக்கத் தெரியாதவர் மாதிரி இருக்கும்.

இப்போது அந்தப் புயலுக்கு வருகிறேன்.

கார்த்திகை மாதம். ஆந்திராப் பக்கம் போகும் என்று சொல்லப்பட்ட புயல் கடைசி நேரத்தில் மனசு மாறி எங்கள் பக்கம் திரும்பியது. ஊர் ஜனங்கள் பள்ளிக்கூடத்துக்கு இடம் மாறிக்கொண்டிருந்தார்கள். தொரைக்கு அமெரிக்காவில் ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு பெரிய கண்காட்சி ஏற்பாடாகியிருந்தது. அதற்கான படங்களையெல்லாம் சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டி, தண்ணீர்க் குழாய் போடுகிற பெரிய பிளாஸ்டிக் பைப்புக்குள் அடைத்து வைத்திருந்தார். இரண்டு மழைக்கால உழைப்பு. அந்த பைப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் தூங்குவார்.

அஞ்சலையின் மகள் ரேவதி நிறைமாதம். நான் சொன்ன நாளுக்கு இன்னும் இருந்தது. ஆனால் அன்று காலையிலேயே வலி எடுத்துவிட்டது. சேகர் மழையில் ஓடிவந்து என்னைக் கூட்டிப் போனான். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால், வண்டி பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறது, ரோட்டில் தண்ணீர், வர வழியில்லை. ரேவதியைப் பார்த்தேன். தூக்கிக்கொண்டு போகிற கட்டம் தாண்டிவிட்டது. இங்கேதான், இந்தக் கட்டிலில்தான் என்று முடிவு செய்தேன்.

வெந்நீர் கொதித்துக்கொண்டிருக்கும்போதே மேலே ஒரு சத்தம். கட்டிலுக்கு நேர் மேலே இருந்த கூரை ஷீட்டுகளைக் காற்று அப்பளம் மாதிரி பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. மழை அப்படியே ரேவதி மேல் கொட்டியது. பின்னறையில் முழங்கால் தண்ணீர். மூடுவதற்குத் தார்ப்பாய் தேடினால், இருந்ததெல்லாம் போட் இன்ஜின்களுக்குக் கட்டி, காற்றோடு போயிருந்தன. அஞ்சலை மகள் மேல் கவிழ்ந்து தன் முதுகையே கூரையாக்கிக்கொண்டு, "ஏதாவது செய்யி நர்சம்மா" என்று கத்தினாள்.

வாசலில் பைப்பைக் கட்டிப்பிடித்தபடி தொரை நின்றிருந்தார்.

"வேறு எதுவும் இல்லையா?" என்று என்னை இங்கிலீஷில் கேட்டார்.

"இல்லை" என்றேன்.

அவர் தலையைத் தூக்கிக் கூரை இருந்த இடத்தில் தெரிந்த மோடத்தைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் அவர் அதைப் பார்த்துப் பயந்ததை அன்றுதான் பார்த்தேன். பைப்பை ஒருமுறை இறுக்கிக்கொண்டார். அதன் பிறகு மூடியை முழங்காலால் உடைத்து, உள்ளே இருந்ததை உருவிச் சேகர் கையில் திணித்தார். "பெருச மொதல்ல போடு!"

சேகரும் இன்னும் இரண்டு பேரும் சுவர் மேல் ஏறினார்கள். ஒன்றன் மேல் ஒன்றாகப் படங்களை விரித்து, வலைக் கயிற்றால் கட்டி, மணல் மூட்டை ஏற்றினார்கள். அவசரத்தில் வரைந்த பக்கம் கீழே போய்விட்டது. "தலகீழ்! தலகீழ்!" என்று கூவினார் தொரை. "தலகீழா இருந்தா இன்னாடா, நேரா இருந்தா மட்டும் எங்களுக்குப் புரியவா போவுது?" என்றாள் அஞ்சலை.

கொட்டுவது நின்றது. கட்டிலை ஈரம் போகத் துடைத்தோம். வலியில் கண்ணை மூடியிருந்த ரேவதி மெல்லக் கண்ணைத் திறந்து மேலே பார்த்தாள். தலைக்கு மேல் கருகருவென்று பொங்கிக்கொண்டு வானம்.

"ஐயோ அம்மா! மறுபடியும் மோடமா!" என்று அலறினாள். அந்த நிலையிலும் நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். அவளும்தான்.

ஒரு மூலைக்குக் கட்டக் கயிறு போதவில்லை. அதைத் தொரை பிடித்துக்கொண்டார். வெளியே ஒரு டிரம் மேல் ஏறி நின்று, கையில் கயிற்று முனையைச் சுற்றிக்கொண்டு, அந்தக் காற்றிலும் மழையிலும் இறங்கவே இல்லை. மாற்றிப் பிடிக்கிறேன் என்று போன சேகரையும் விரட்டிவிட்டார். நடுநடுவே சுவருக்கு மேலிருந்து குரல் மட்டும் வரும்.

"இன்னாமே, ஆச்சா?"

"இரு தொரை! இது இன்னா உன் படமா, தடவுனா வந்துட?" என்பாள் அஞ்சலை.

சாயங்காலத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது. வீறிட்டு அழுதது. காற்றும் கொஞ்சம் தணிந்தது. துணியில் சுற்றி வாசலுக்குக் கொண்டுபோனேன். தொரை டிரம்மிலிருந்து இறங்கி, தாடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று குழந்தையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இப்பத் தட்டு தொரை, சத்தமா தட்டு!" என்றாள் அஞ்சலை.

கைகளைத் தூக்கினார். தட்ட முடியவில்லை. கயிற்றைப் பிடித்த பிடியிலேயே விரல்கள் விறைத்துப் போயிருந்தன. குழந்தையை அஞ்சலையிடம் கொடுத்துவிட்டு, வெந்நீர்த் துணியால் ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்துவிட்டேன்.

மறுநாள் அமெரிக்காவிலிருந்து போன். கண்காட்சி நடத்தும் அம்மாள். பக்கத்தில் நின்ற எனக்கே அவர் குரல் கேட்டது. படங்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்று கேட்டார். "இருக்கின்றன. உபயோகத்தில் இருக்கின்றன" என்றார் தொரை. அதற்குப் பிறகு அந்த அம்மாள் பேசியதை நான் மொழிபெயர்க்க மாட்டேன். கண்காட்சி நடக்கவில்லை.

புது ஷீட் வந்து படங்களைக் கீழே இறக்கியபோதுதான் சேதம் தெரிந்தது. உப்பு, சேறு, கயிற்றுத் தடம். பெரியது குறுக்கே கிழிந்திருந்தது. கருவாடு காயப்போடும் மணலில் விரித்துவிட்டு அவற்றின் நடுவில் உட்கார்ந்துகொண்டார். அழுதாரா என்று தெரியாது. தாடிக்குள் என்ன நடந்தாலும் வெளியே தெரியாது. மதியம் அஞ்சலை சாப்பாடு கொண்டுவந்தாள். நாக்கை நீட்டச் சொல்லவில்லை. அவர் அதைத் தொடவில்லை. அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஏதாவது உதவி செய்ய வேண்டுமே. ஒரு படத்தைக் குழாயடிக்கு இழுத்துப்போய் துணி சோப்புப் போட்டு, தேங்காய் நாரால் கரகரவென்று தேய்க்க ஆரம்பித்தாள்.

நான் ஓடிப் போவதற்குள் ஒரு கால் பங்கு வானம் சாக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது.

"எவ்ளோ தேச்சாலும் கறுப்பு போவல தொரை. இன்னும் கொஞ்சம் சோப்பு போடவா?" என்று கேட்டாள்.

தொரை அவளைப் பார்த்தார், நாரைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். மணலில் புரண்டு சிரித்தார். எழுந்து வந்து சாப்பிட்டார்.

குழந்தைக்குத் தன் பெயர் வைப்பார்களா என்று அவருக்கு ஒரு நப்பாசை. ஜாடையாகக் கேட்டுப் பார்த்தார். "வெச்சா எவன் கூப்பிடுறது?" என்று அஞ்சலை ஒரே வரியில் முடித்துவிட்டாள். சேகர் வர்ஷினி என்று வைத்தான். அதற்கு என்ன அர்த்தம் என்று தொரை என்னிடம் கேட்டார். மழை என்றேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"மழையா? அய்ய, டிவில வர்ற பேருன்னு இல்ல சொன்னான்!" என்று அஞ்சலை மருமகனைத் தேடிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகும் சில மழைக்காலங்கள் வந்தார். மறுபடியும் சேறு, மறுபடியும் நீல நாக்கு. எனக்குக் காட்டூர் பக்கம் மாற்றலாகிவிட்டது. இந்த வருஷம் அவர் வரவில்லை. இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன். விமானத்தில் அவ்வளவு நேரம் உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் குப்பத்துக்குப் போயிருந்தபோது அஞ்சலைக்கு அவரிடமிருந்து போன் வந்தது. கருவாட்டுக்கு நடுவில் நின்று ஸ்பீக்கரில் போட்டாள். நலம் விசாரித்துக்கொண்டார்கள். குரல் மெலிந்திருந்தது. படுக்கையிலிருந்து பார்த்தால் எதிர்க் கட்டடத்துச் சுவர்தான் தெரிகிறதாம்.

"இன்னாமே, மோடம் கீதா?" என்று கேட்டார்.

அஞ்சலை அண்ணாந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். துடைத்துவிட்ட மாதிரி நீலம். மழைக்காலத்தில் அப்படியொரு வெயிலை நான் பார்த்ததில்லை. காலடியில் கருவாடு மொறுமொறுவென்று காய்ந்துகொண்டிருந்தது.

"செம மோடம் தொரை!" என்றாள் அவள். "கெழக்கால இருந்து கறுப்பா ஏறிக்கினு வருது பாரு, ஊரே இருட்டிப்போச்சு. நீ இருந்தா தையதக்கானு குதிப்ப."

"வீடியோ போடுமே, பாக்குறேன்."

"மோடத்துல சிக்னல் எங்க கெடைக்கும்? இதோ நர்சம்மா பக்கத்துலதான் கீது, கேட்டுக்கோ" என்று போனை என் வாயருகே நீட்டினாள்.

கண் கூசியது. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, "ஆமா தொரை, தூறல்கூட ஆரம்பிச்சிடுச்சு" என்றேன்.